தோளைப் பார்த்தே ராணுவ அதிகாரியின் ரேங்க் சொல்வது எப்படி?

ரயிலில் எதிர் சீட்டில் ராணுவ உடையில் ஒருவர். தோளில் இரண்டு ஸ்டார். லெப்டினன்ட்டா, சுபேதாரா? ஒருவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞராக இருக்கலாம். இன்னொருவர் பல வருடம் எல்லையில் கழித்தவர். ஒருவரை இன்னொருவராக நினைத்துப் பேசிவிடக் கூடாது. இந்தியத் தரைப்படை ரேங்க்குகளை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஸ்டாரை எண்ணாதீர்கள், ரிப்பனைத் தேடுங்கள்.

நம்மூர் போலீஸில் இன்ஸ்பெக்டருக்கும் மூன்று ஸ்டார், டி.எஸ்.பி.க்கும் மூன்று ஸ்டார். இன்ஸ்பெக்டர் தோளில் சிவப்பு-நீல ரிப்பன் இருக்கும், டி.எஸ்.பி.க்கு இருக்காது. ராணுவத்திலும் இதே கணக்குதான். தோள்பட்டையின் கீழ் ஓரத்தில், கை தொடங்கும் இடத்தில், குறுக்கே கோடு போட்ட ரிப்பன் இருந்தால் அவர் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்). ரிப்பனோடு ஒரு ஸ்டார் என்றால் நாயப் சுபேதார், இரண்டு என்றால் சுபேதார், சிங்கச் சின்னம் (நம் தேசியச் சின்னமான அசோகரின் சிங்கங்கள்) என்றால் சுபேதார் மேஜர். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள் இவர்கள். படைக்குள் இவர்களை 'சாப்' என்று மரியாதையாகத்தான் அழைப்பார்கள்.

ஹவில்தார், நாயக் போன்றோருக்குத் தோளில் ஸ்டார் கிடையாது. சட்டைக் கையில் 'V' வடிவப் பட்டைகள்தான்.

இரண்டாம் படி: ரிப்பன் இல்லையா? இப்போது ஸ்டாரை எண்ணுங்கள்.

இரண்டு என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கேப்டன். சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) பயிற்சி முடியும் நாளில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தோளில் நின்று பிள்ளைக்கு அணிவிப்பது அந்த இரண்டு ஸ்டாரைத்தான். கேப்டனாக 2 வருட சர்வீஸ் வேண்டும், மேஜராக 6, லெப்டினன்ட் கர்னலாக 13.

மூன்றாம் படி: சிங்கச் சின்னம்.

சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். அதனுடன் ஒரு ஸ்டார் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல். முக்கோணமாக மூன்று சேர்ந்தால் பிரிகேடியர். கர்னலா என்று சந்தேகம் வந்தால் காலரைப் பாருங்கள்: சிவப்புப் பட்டை கர்னலிலிருந்துதான் தொடங்குகிறது.

சில ரைபிள்ஸ் ரெஜிமெண்டுகளில் ஸ்டாரும் சிங்கமும் தங்க நிறத்தில் இல்லாமல் கறுப்பாக இருக்கும். அது ரெஜிமெண்டின் மரபு, ரேங்க் வித்தியாசம் அல்ல. ஆனால் பிரிகேடியர் முதல் மேலே உள்ள அனைவருக்கும் 2023 ஆகஸ்ட் முதல் ஒரே மாதிரி உடை, அதனால் இந்தக் கறுப்பு வித்தியாசம் கர்னல் வரைதான்.

நான்காம் படி: குறுக்காக வாளும் கோலும்.

இதைக் கண்டால் ஜெனரல் வரிசைக்கு வந்துவிட்டீர்கள். மேலே ஸ்டார் மட்டும் என்றால் மேஜர் ஜெனரல், சிங்கம் மட்டும் என்றால் லெப்டினன்ட் ஜெனரல், இரண்டும் இருந்தால் ஜெனரல். மேஜர் பெரியவர், லெப்டினன்ட் சின்னவர் என்று படித்த மனசுக்கு இங்கே குழப்பம் வரும். ஜெனரல் வரிசையில் லெப்டினன்ட் ஜெனரல்தான் மேல்.

கடற்படை, விமானப்படைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பட்டைகளை எண்ண வேண்டும். கடற்படை கேப்டன், தரைப்படை கர்னலுக்குச் சமம் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

கற்றதைச் சோதிக்க, 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷாவின் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். அப்போது அவர் ஜெனரல்: சிங்கம், ஸ்டார், வாளும் கோலும். 1973 ஜனவரியில் ஜெனரலுக்கும் மேலான ஃபீல்டு மார்ஷல் ஆனதும் ஸ்டார் போய், வாளையும் கோலையும் சுற்றித் தாமரை வளையம் வந்துவிடுகிறது. படத்தின் கீழே வருடம் போட்டிருக்காவிட்டாலும், வளையம் தெரிந்தால் அது 1973க்கு முந்தைய படம் இல்லை என்று நீங்களே சொல்லிவிடலாம்.