தாய்ப்பால் வங்கியில் கல்ச்சர் அறிக்கை: புதியவர்கள் செய்யும் தவறுகள்

தாய்ப்பால் வங்கிக்குப் புதிதாக வரும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். கை கழுவுவது, பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதுவது பற்றியெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. கல்ச்சர் அறிக்கை என்பது, பால் மாதிரியில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் சோதனைத் தாள்.

அறிக்கையைப் பார்த்துத் தாய்க்கு மருந்து எழுதுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. குறைமாதக் குழந்தையின் தாய் ஒருவர், தன் குழந்தைக்குப் போக மிஞ்சிய பாலைத் தானமாகக் கொடுத்துவந்தார். பதப்படுத்தும் முன், அதாவது சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் முன், எடுத்த மாதிரியில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. செஃபோடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்படாத வகை. அன்றே அவருக்கு ஆன்டிபயாடிக் எழுதி, சொந்தக் குழந்தைக்கும் பால் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் காய்ச்சல் இல்லை. மார்பில் வலியோ சிவப்போ கட்டியோ இல்லை. "என் பாலில் விஷமா சிஸ்டர்?" என்று கேட்டார். பீய்ச்சுவதை நிறுத்தியதால் பால் சுரப்பதும் குறையத் தொடங்கியது.

கிருமி எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை. வார்டில் போய்ப் பார்த்தேன். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை, அதில் கலங்கிய தண்ணீர். பம்ப்பின் புனலைத் தேய்க்கும் பிரஷ் அதிலேயே ஊறிக்கொண்டிருந்தது, தொட்டால் வழவழவென்றிருந்தது. ரப்பர் வால்வைக் கழற்றாமலே கழுவியதால் அதன் அடியில் பால் படிந்து மஞ்சளாகியிருந்தது. அடுத்த மாதிரியைக் கையால் பீய்ச்சி, கொதிக்கவைத்து உலர்த்திய எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்தோம். க்ளெப்சியெல்லா வளரவில்லை.

அந்த அறிக்கை பாட்டிலுக்குள் இருப்பதைத்தான் சொல்கிறது; தாய்க்கு நோய் என்று சொல்லவில்லை. தாய்ப்பாலில் இயல்பாகவே பாக்டீரியா உண்டு. தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் பெரும்பாலான மாதிரிகளில் வளரும். மருத்துவமனையில் நாள்கணக்கில் தங்கிய தாய்மாரிடம் அவை மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாதவையாக இருப்பதும் சாதாரணம். நலமாக இருக்கும் பெண்ணுக்கு மருந்து கொடுத்தால் மருந்துக்குப் பணியும் கிருமிகள் சாகும், பணியாதவை பெருகும். மருந்தின் ஒரு பகுதி பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். மார்பகத் தொற்று என்றால் கதை வேறு: தாய்க்குச் சிகிச்சை தர வேண்டும், தானப் பாலை அதுவரை வாங்கக் கூடாது, சொந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் தொடர்ந்து கொடுக்கலாம். எதுவானாலும் குழந்தையை நேரில் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரு தாளைப் பார்த்து நிறுத்தும் பாலுக்குப் பதிலாகப் புட்டிப்பால் மாவு வருகிறது; குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகல் நோயின் ஆபத்து அதோடு கூடுகிறது.

மருந்துக்குச் சாகாதது சூட்டுக்கும் சாகாது என்று நினைப்பது

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தால் மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் சாகும், அந்த க்ளெப்சியெல்லாவும் சாகும். அந்தச் சூட்டைத் தாங்குபவை பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளும், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முன்பே பாலில் கக்கிவிட்ட நச்சும். மேசையில் மணிக்கணக்கில் கிடந்த பாலைப் பதப்படுத்தினால் 'வளர்ச்சி இல்லை' என்றே அறிக்கை வரலாம். நச்சு அப்படியே இருக்கும். அதனால்தான் பிரிட்டனின் வழிகாட்டுதல், பதப்படுத்தும் முன்பே ஒரு மில்லிலிட்டரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 10,000-ஐத் தாண்டினால் அந்தப் பாலை ஒதுக்கச் சொல்கிறது.

விலைக்கு வாங்குவது

கூடாது. தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பலர் பாலைக் கலந்த பிறகு மட்டும் மாதிரி எடுப்பது

யார் பாட்டில் கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

குளிர்விக்கும் தண்ணீரை மறப்பது

பதப்படுத்திய பிறகு சூடோமோனாஸ் என்ற, தண்ணீரில் வாழும் பாக்டீரியா வளர்ந்தால் உடனே தாயைச் சந்தேகிக்கிறார்கள். முதலில் பாட்டில்களைத் தண்ணீரில் வைத்துப் பதப்படுத்தும் இயந்திரத்தைப் பாருங்கள். சூடான பாட்டில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். மூடி தளர்ந்திருந்தால் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழே இருக்க வேண்டும், தொட்டியைக் காலி செய்து உலரவிட வேண்டும், விளிம்பு நைந்த மூடியை அன்றே தூக்கிப் போட வேண்டும். பதப்படுத்திய பாலில் எந்த வளர்ச்சி தெரிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். அத்தனை தாய்மாரின் உழைப்பும் ஒரு தளர்ந்த மூடியால் வீணாகிவிடும்.