இரண்டு நாவல்களுக்கு நடுவில்: நாவலாசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கைந்து ஆண்டுகள் கூடவே வாழ்ந்த மனிதர்கள், கடைசி மெய்ப்பு பதிப்பகத்துக்குப் போன மறுநாளே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வெறுமை பழகுவதற்குள் ஜனவரி வந்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சி அரங்கில் கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டும் வாசகர், "அடுத்து என்ன எழுதுறீங்க சார்?" என்று அன்போடு கேட்பார். அந்த அன்புக்குக் கடன்பட்டு அங்கேயே ஒரு பதிலைச் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. சொன்ன சொல் மறுநாளே வாக்குறுதியாகிவிடும். அடுத்த ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு, எதை எழுதுவது என்பதையும் நமக்காகத் தீர்மானித்துவிடும்.

சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இடையில் அவர் சும்மா இருக்கவில்லை: பசுவய்யா என்ற பெயரில் கவிதைகளும், சிறுகதைகளும் கட்டுரைகளும் எழுதினார், 1988இல் காலச்சுவடு இதழைத் தொடங்கினார். ஆனால் தாமதமே தரம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது, 'வெக்கை' 1982இல் வந்துவிட்டது. இரண்டும் இன்றும் நிற்கின்றன.

பூமணியின் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து வாசிப்பது, அடுத்ததைத் தேடும் எழுத்தாளருக்கு நல்ல பாடம். மண் ஒன்றுதான், கரிசல். முன்னது அழகிரி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் நெடிய வாழ்க்கை. பின்னது கொலை செய்துவிட்டுத் தந்தையோடு காட்டில் ஒளிந்து திரியும் ஒரு சிறுவனின் சில நாட்கள். பாராட்டுப் பெற்ற நாவலின் நடையையும் அளவையும் அப்படியே மறுபடி எடுத்துக்கொள்ளும் தவறு, அதற்கு நேர்மாறாக, புதுமை காட்ட வேண்டும் என்று தனக்குத் தெரியாத நிலத்துக்கு ஓடும் தவறு, இரண்டுமே அங்கே இல்லை.

நான் மிகவும் அஞ்சுவது தரவுகளுக்குள் ஒளிந்துகொள்ளும் தவறை. கோவைப் பஞ்சாலைகளைப் பற்றி எழுதுவதாகத் தீர்மானித்து ஒன்பது மாதம் குறிப்பெடுத்தேன். 1888இல் தொடங்கிய முதல் ஆலையிலிருந்து, ஷிப்ட் நேரங்கள், இயந்திரங்களின் பெயர்கள் என்று நான்கு நோட்டுகள் நிறைந்தன. அவற்றில் பேசுகிற மனிதர் ஒருவர்கூட இல்லை. பிறகொரு நாள், "சங்கு ஊதிட்டாங்க, அரிசியக் களைஞ்சு போடு கண்ணு" என்று என் அத்தை அடுப்படியிலிருந்து சொல்லும் குரல் நினைவுக்கு வந்தது. ஆலைச் சங்கை வைத்து உலை வைத்த பெண்களின் வீடு அந்த ஒரு வாக்கியத்தில் திறந்துகொண்டது, நோட்டுகளின் தேவை அதன் பின்னர்தான் வந்தது. தகவல் திரட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரல் கேட்பதற்கு முன் திரட்டுவது எழுதாமல் இருப்பதற்கான மரியாதையான வழியாகிவிடுகிறது.

கதையை வாயால் சொல்லித் தீர்த்துவிடுவதும் அப்படித்தான். டீக்கடையில் நண்பர்களிடம் முடிவு வரை சொல்லி, அவர்கள் கண்கலங்கியதையும் பார்த்துவிட்ட ஒரு கதையை என்னால் பின்னர் எழுதவே முடியவில்லை.

விருது கிடைத்ததும் வேலையை விடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்தாளருக்கு வரும் உரிமைத்தொகை (ராயல்டி) பொதுவாகப் புத்தக விலையில் 10 சதவீதம். 400 ரூபாய் நாவல் 1000 பிரதிகள் விற்றால் கைக்கு வருவது 40,000 ரூபாய், அதுவும் தவணைகளில். அடுத்த நாவலின் தலையில் வீட்டு வாடகையை ஏற்றினால் அது நிமிராது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியபடிதான் எழுதினார்.

இரண்டு மூன்று கருக்களுக்கு நடுவே தவிப்பவர், யோசித்தே தேர்ந்தெடுக்க முயல வேண்டாம். ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் எழுதி, ஒரு மாதம் மூடி வைக்கட்டும். பேருந்தில் போகும்போது எந்தப் பத்துப் பக்கத்தின் ஆள் தானாக வந்து பக்கத்தில் உட்காருகிறாரோ, அவரைப் பின்தொடரலாம். மற்ற பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. சுந்தர ராமசாமியின் முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை'யும் சரஸ்வதி இதழில் சில அத்தியாயங்கள் வெளிவந்து, நின்று, சில ஆண்டுகள் கழித்து முழுமை பெற்ற நாவல்தான்.