விடைத்தாளைப் பார்த்ததும் என்ன கேட்கலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னரும், ‘இவன் கெட்டிக்காரன், அவனுக்கு மண்டையில் ஏறாது’ என்று பிள்ளைகளைப் பிரித்துப் பேசும் வழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் குறைந்தபாடில்லை. இவற்றுள் பாராட்டும்கூடத் தீங்கற்றது அன்று. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழக் கேட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்கள், முயற்சியைப் புகழக் கேட்டவர்களைவிட, கடினமான புதிர்களில் தோற்றபின் எளிதில் சோர்ந்து பின்தங்கினார்கள். பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் இத்தகைய தாக்கம் சிறியதாகவே தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் புள்ளியை ஒதுக்கிவிட்டு, தவறிய ஒரு கணக்கைக் காட்டி, ‘இதை எப்படிப் போட்டாய், சொல்லு ஐயா’ என்று கேளுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதிய பிள்ளை, மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டியிருக்கும். முழு எண்களில் பழகிய முறையைப் பின்னத்துக்கும் கொண்டுவந்திருக்கிறதே தவிர, அது மந்தம் அன்று. ஒரு தாளை ஆறு சம கட்டங்களாக மடித்து, அரைக்கு மூன்று கட்டங்களுக்கும் மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டங்களுக்கும் வண்ணம் தீட்டச் சொன்னால், ஆறில் ஐந்து தானே கண்ணில் படும்.

ஆசிரியரைச் சந்திக்கும்போதும், ‘என் பையன் கெட்டிக்காரனா, டீச்சர்?’ என்பதற்குப் பதிலாக, வகுப்பறை மதிப்பீட்டில் அவன் எந்தத் திறனில் தேங்கியிருக்கிறான், அடுத்த அடைவுநிலைக்கு எதைப் பழக வேண்டும் என்று கேட்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.