மீன் லோடு பிக்கப்புக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 65 பி.எஸ்.ஐ. என்று இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் 65 அடிப்பது தவறு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வண்டிக்கு வேண்டிய அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, காலிக்கும் லோடுக்கும் தனித்தனி. உப்புக் காற்றில் அது உரிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

டயர் சைஸை மாற்றியிருந்தால் எடை மேடைக்குப் போய்விடுவது நல்லது. வழக்கமான லோடோடு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு எடை. கழித்தால் பின் அச்சின் பாரம். மீனை மட்டும் கணக்கிட்டு ஐஸை மறப்பவர்கள் நிறைய. 500 கிலோ மீனுக்கு ஏறக்குறைய அதே அளவு ஐஸ் போட்டால் வண்டியில் இருப்பது ஒரு டன்.

பின் அச்சு 1,400 கிலோ என்றால் ஒரு டயருக்கு 700. டயரில் '900 கிலோ, 65 பி.எஸ்.ஐ.' என்று இருந்தால் 700-ஐ 900-ஆல் வகுத்து 65-ஆல் பெருக்குங்கள்: சுமார் 50. முன்னுக்கும் இதே கணக்குதான். வந்த எண் ஸ்டிக்கரின் லோடு அளவைவிடக் குறைந்தால் ஸ்டிக்கர் அளவையே வையுங்கள்; டயரின் உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

அளப்பது விடியற்காலையில், வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயரில் வெயில் விழும் முன். வெப்பம் 10 டிகிரி ஏறினாலே 50-ல் 2 பி.எஸ்.ஐ. கூடிவிடும். காற்றுப் பிடிக்கும் இடம் தூரமா? வீட்டிலேயே சொந்தக் கேஜில் பாருங்கள். 44 காட்டுகிறது, வேண்டியது 50 என்றால் குறை 6. அங்கே போனதும் டயர் சூடேறி 48 காட்டினால் 54 வரை அடியுங்கள்.

ராமேசுவரத்தில் கிளம்பி பரமக்குடியில் டீக்கு நிறுத்தும்போது மறுபடி அளந்து பாருங்கள். 50 வைத்தது 55, 56 காட்டினால் சரியான அளவு. 60-ஐத் தொட்டால் கிளம்பும்போது வைத்த காற்று அந்த லோடுக்குக் குறைவு, அல்லது பாரம் அதிகம், அல்லது ஓட்டிய வேகம் அதிகம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடாகிறது. நடுவழியில் வெடிப்பது பெரும்பாலும் அதனால்தான். அதிகமாகக் காட்டுகிறதே என்று சூட்டில் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் இன்னும் குறைந்துபோகும்.

கடைசியாகச் சாக்பீஸ் சோதனை. லோடோடு, டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு நேரான தார்ச்சாலையில் 50 மீட்டர் உருட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் மட்டும் அழிந்தால் குறைவு.

கடற்கரை மணலில் இறங்குவதென்றால், காலி வண்டிக்கு மட்டும், 20 வரை இறக்கலாம். மெதுவாக ஓட்டுங்கள், வெடுக்கென்று திருப்பாதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் காற்று பிடித்தாக வேண்டும். லோடு இருந்தால் வண்டியை மேலேயே நிறுத்திப் பெட்டிகளைச் சுமந்து வருவதுதான் புத்திசாலித்தனம்.

தினம் 2, 3 பி.எஸ்.ஐ. இறங்கினால் நம் ஊரில் முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள். ஒடிந்த நுனி ரப்பருக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் விடும். அங்கே இல்லையென்றால் வால்வு. மூடி இல்லாத வால்வுக்குள் உப்பும் மணலும் சேர்ந்து ஊசி சரியாக அடைக்காது. அதற்கடுத்து ரிம் ஓரத் துரு. டயரைக் கழற்றி, கம்பி பிரஷால் சுரண்டி, பெயின்ட் அடித்து மாட்ட வேண்டும். மேலே மேலே காற்றடித்துக்கொண்டே ஓட்டுவது டயரைத்தான் தின்னும்.

ஸ்டெப்னிக்குப் பின்சக்கர லோடு அளவு வையுங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். பாம்பன் பாலத்தில் நின்றுகொண்டு ஏற்ற முடியாது.