வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: புற்றுநோய் வலியைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோய்த் தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்களும், வீட்டில் நோயாளியைக் கவனிக்கத் தொடங்கும் குடும்பத்தினரும், நாங்கள் பயிற்சிக் காலத்தில் செய்த அதே தவறுகளை மீண்டும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாத்திரை மாறிப்போவது, காலாவதித் தேதியைப் பார்க்காதது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே தவறென்று தோன்றாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது

புற்றுநோய் வலிக்கான மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், கடிகாரத்தைப் பார்த்தும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே சொல்லிவிட்டது. கடும் வலிக்குக் கொடுக்கும் அபின் வகை மருந்தான மார்பினின் சாதாரண மாத்திரை சுமார் அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஏறக்குறைய 4 மணி நேரம் நீடிக்கும். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் குறித்துக் கொடுப்பது அதனால்தான். இரவு 10 மணிக்கு மருத்துவர் பெரும்பாலும் இரட்டிப்பு அளவு எழுதுவது, நடு இரவில் மாத்திரைக்காக எழுப்பாமல் நோயாளியை விடியும்வரை தூங்கவிடுவதற்காக.

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மருத்துவமனையிலிருந்து மாத்திரையைக் கொடுத்தனுப்பிப் பல நாட்கள் ஆகியிருந்தன. பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து மகன் எடுத்துக் காட்டிய அட்டையில் இரண்டே மாத்திரைகள் குறைந்திருந்தன. “அம்மா தாங்க முடியாம கத்தினா மட்டும்தான் குடுக்கிறேன் சிஸ்டர், பழகிடக் கூடாது பாருங்க” என்றார். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, இடுப்பு அசையாமலிருக்க முழங்கால்களுக்கு நடுவே தலையணையை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார். என்னுடன் வந்த புதிய செவிலியர் வலி அளவுகோலில் பத்துக்கு இரண்டு என்று குறித்தார். அசைந்தால் உயிர் போகும் என்பதற்காக அசையாமல் கிடப்பவரை, அமைதியாக இருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். திரும்பிப் படுக்கச் சொல்லிக் கேட்டபோது, அந்த அம்மா சொன்ன எண் ஒன்பது.

அந்த மகன்மீது எனக்குக் கோபமில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, “தேவைப்பட்டால் கொடுங்கள்” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியவர்கள்மீதுதான் இன்றைக்கும் கோபம் வருகிறது. தொடர்ந்து வலிக்கும் நோய்க்குத் தேவைப்படும்போது மட்டும் மருந்து என்பது, ஒவ்வொரு முறையும் நோயாளியை வலியின் உச்சிக்கு ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கப் பார்ப்பதாகும். அடக்கப்படாத வலி தண்டுவட நரம்புகளை மேலும் கூர்மையாக்குவதால், பிறகு அதே வலியை அடக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். மருந்தைக் குறைக்கிறோம் என்று நினைத்தவர்கள் கடைசியில் கூட்ட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

பழகிவிடும் என்ற அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகளிலேயே மார்பின் கிடைப்பது அரிதாகி, அதைக் கையாளாமலேயே மருத்துவர்களும் செவிலியர்களும் படித்து வெளியே வந்தார்கள்; 2014-இல் திருத்தம் வந்து விதிகள் எளிதான பிறகும் அந்த அச்சம் முழுதாக நீங்கவில்லை. மார்பினைத் திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும் என்பது உண்மை. அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அது போதைக்காக மருந்தைத் தேடி அலைவதிலிருந்து முற்றிலும் வேறானது. வலிக்காக முறையாகக் கண்காணித்துக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அரிது.

நேரத்துக்குக் கொடுத்தும் நடுவில் வலி எட்டிப்பார்த்தால், அதற்கென மருத்துவர் எழுதிய கூடுதல் அளவைக் கொடுங்கள். அதைக் கொடுத்துவிட்டோம் என்று அடுத்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. கூடுதல் அளவு அடிக்கடி தேவைப்பட்டால், நேரங்களைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான அளவை மாற்றியமைக்க அந்தக் குறிப்பு வேண்டும்.

மலச்சிக்கலுக்கு மருந்து சேர்க்காமல் விடுவது

மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. வயிறு கல்லாக இறுகிய பிறகு, வலியையே பொறுத்துக்கொள்கிறேன் என்று மார்பினை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா வலிக்கும் ஒரே மருந்து

எரிச்சலாகவோ, மின்சாரம் பாய்வது போலவோ இருந்தால் அது பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மார்பின் மட்டும் போதாமல் போகலாம் என்பதால், வலி எப்படி இருக்கிறது என்பதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

பாராசிட்டமாலைக் கணக்கில் சேர்க்காதது

பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கூட்டு மாத்திரைகளுக்குள் இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மீந்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது

கூடவே கூடாது.

எல்லாத் தூக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

மார்பின் தொடங்கிய முதல் இரண்டு, மூன்று நாட்கள் நோயாளி நிறையத் தூங்கலாம். பல இரவுகள் விழித்திருந்த உடல் ஓய்வைத் தேடுவதும் அதற்கு ஒரு காரணம். தோளைத் தட்டினால் கண் திறந்து பதில் சொல்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் பதற்றம் வேண்டாம். தட்டியும் எழாமலிருந்தாலோ, மூச்சு மிக மெதுவானாலோ, தூக்கத்தோடு கை கால்கள் வெட்டி இழுத்தாலோ, அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் மார்பினின் கழிவுகள் தேங்கும். ஆகவே சிறுநீர் குறையத் தொடங்கினால் அன்றைக்கே தெரிவியுங்கள், அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம்.