பாதியில் மூடி வைத்துவிடும் ஆட்களுக்குத் தத்துவப் புத்தகம் படிக்க ஒரு வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தத்துவத்தைப் பாடமாகப் படித்தவன் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கையில் கிடைத்ததைப் புரட்டுகிற ஆள். 1781-ல் இம்மானுவேல் கான்ட் வெளியிட்ட, தூய அறிவைப் பற்றிய அந்தத் தடிமன் புத்தகத்தை ஆசைப்பட்டு வாங்கினேன். 23ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டோடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது வெளிவந்த காலத்தில் படிப்பாளிகளுக்கே பிடிபடாமல், 1783-ல் அவரே விஷயத்தைச் சுருக்கி இன்னொரு சின்னப் புத்தகம் எழுத வேண்டியதாயிற்று.

அதனால் சின்னதாக ஆரம்பியுங்கள். பௌத்தர்களின் தம்மபதம் 423 பாட்டு, பழைய சீனப் புத்தகமான தாவோ தே ஜிங் 81 குட்டி அத்தியாயம். இரண்டாவதை மட்டும் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஒரே அத்தியாயம் இரண்டு வேறு புத்தகம் மாதிரி இருக்கும்.

ஆனால் முதல் புத்தகம் எது என்று என்னைக் கேட்டால் கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய யூதிஃப்ரோ என்ற உரையாடல் என்பேன். ஒரே உட்காரலில் முடியும். நீதிமன்ற வாசலில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். சாக்ரடீஸ்மேல் இளைஞர்களைக் கெடுத்தார் என்று வழக்கு. யூதிஃப்ரோவோ சொந்த அப்பாமேலேயே கொலை வழக்குப் போட வந்திருக்கிறான். பண்ணையில் கூலியாள் ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட, அப்பா அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, இவனை என்ன செய்யலாம் என்று கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்ப, போனவன் திரும்பி வருவதற்குள் பசியிலும் குளிரிலும் இவன் செத்துப்போனான். சரி, பெற்ற அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுப்பது தெய்வத்துக்கு உகந்த காரியமா? உகந்தது என்றால் என்ன, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரடீஸ் விடாமல் கேட்க, யூதிஃப்ரோ ஒவ்வொரு விளக்கமாகச் சொல்லி மாட்டிக்கொண்டு, கடைசியில் அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறான். பதில் கிடைக்காது. முதல் தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தப் புத்தகமானாலும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, இந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது. வேறு எந்த வித்தையும் எனக்குத் தெரியாது, ஆனால் இதற்கே பாதிப் புத்தகம் திறந்துவிடுகிறது.

பைபிளில் உள்ள யோபு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உன் துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்ற வசனத்தைக் காலண்டரிலும் கடைச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். அது 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொல்வது கடவுள் இல்லை, யோபுவும் இல்லை. பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் வந்து, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிற தினுசில் பேசும் பில்தாத் என்ற நண்பர். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் இந்த நண்பர்கள் மூன்று பேரையும் கோபித்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்! அதற்காக வசனம் பொய் என்று சொல்ல வரவில்லை, யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாயிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அந்தக் காலண்டர் வேறு மாதிரித் தெரிகிறது.

குறளிலும் இதே கதைதான். 33ஆம் அதிகாரம் கொல்லாமை; அப்புறம் 550ஆம் குறளுக்கு வந்தால், கொலைகாரர்களை அரசன் தண்டிப்பது பயிரில் களை எடுப்பது போல என்கிறது. முரண்பாடு என்று கத்துவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். முதலாவது துறவறவியலில் இருக்கிறது, இரண்டாவது செங்கோன்மையில், அரசனுக்கு. (இந்த வேறுபாடு உங்களுக்குப் போதவில்லை என்றால் அது வேறு சண்டை, நல்ல சண்டை.) கீதையில் முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வில் கைநழுவி, உடம்பு எரிந்து, நிற்க முடியாமல் அர்ஜுனன் உட்கார்ந்துவிடுவது அங்கேதான். அதை விட்டுவிட்டால் மிச்சம் 17 அத்தியாயமும் கேட்காத கேள்விக்குப் பதிலாகப் போய்விடும்.

சிலர் தன்னிடமே பேசுவார்கள். ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எழுதி வைத்தது 12 பகுதி, எல்லாம் தனக்குத் தானே எழுதிக்கொண்டது. முதல் பகுதி முழுக்கத் தாத்தா, அம்மா, வாத்தியார் என்று நன்றி சொல்லிக்கொண்டே போவார், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் பகுதியைத் திறவுங்கள். விடிகாலையில் எழ மனம் வராமல், போர்வைக்குள் கதகதப்பாகக் கிடக்கவா பிறந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். பேரரசருக்கே அந்த நிலைமை.

உரையைப் பற்றி ஒன்று. மூலத்தை ஒரு தடவையாவது தடுமாறிப் படித்துவிட்டு உரைக்குப் போங்கள். உரைகாரர் பெரும்பாலும் வேறு காலத்து ஆள், அவர் பேசுவது அவர் காலத்து ஆட்களிடம். முதலிலேயே அவரைக் கேட்டுவிட்டால் அப்புறம் மூலத்தில் அவர் குரல்தான் கேட்கும்.

பழகிப் பார்க்க வேண்டுமானால் மணிமேகலையின் 27ஆம் காதையைச் சந்தி பிரித்த பதிப்பில் எடுங்கள். ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்துக்குப் போய், மணிமேகலை ஒவ்வொரு சமயக்காரரிடமும் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறாள், கிட்டத்தட்ட நம்மைப் போன்ற வாசகி. ஆசீவகர், நிகண்டர் (சமணர்), சாங்கியர் என்று வரிசையாகப் பேச, கடைசியில் பூதவாதி வருகிறான். பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, அவ்வளவுதான் என்பது அவன் கட்சி. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டான். அப்படியானால் உன் அப்பா அம்மாவை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை மடக்க, காதை அதோடு முடிந்துவிடுகிறது. பூதவாதிக்கு மறுபேச்சு கொடுக்கவே இல்லை காவியத்தை எழுதிய சாத்தனார், எனக்கு அது கொஞ்சம் அழுகுணி ஆட்டமாகத்தான் படுகிறது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அந்தப் பக்கத்து ஓரத்திலேயே நாலு வரி நீங்கள் எழுதிப் பாருங்கள்.