வயல் புறநகரான வரலாற்றை ஆவணங்களில் தேடுவது எப்படி?

இந்த ஊரில் விவசாயம் எப்போது போச்சு என்று கேட்டால் ஆளுக்கொரு ஆண்டு சொல்வார்கள். ரயில் வந்த ஆண்டு, கம்பெனி வந்த ஆண்டு, பேரூராட்சி ஆன ஆண்டு. எல்லாமே ஓரளவு சரிதான். நிலம் ஒரே நாளில் மனையாவதில்லை. முதலில் உழவு நிற்கும். பிறகு நிலம் கைமாறும். பிறகு லேஅவுட் போட்டுக் கல் நடுவார்கள். வீடுகள் எழும்ப இன்னும் பத்து இருபது வருடம் ஆகலாம். அரசுக் கணக்கில் ‘நகரம்’ என்று ஏறுவது கடைசியில்தான். இந்தக் கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனி ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. எந்த ஆவணம் எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளது தமிழ்நாட்டு ஊர்களுக்கான வழிமுறை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியவை.

எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

நாம் ‘ஏரியா’ என்று சொல்லும் இடத்துக்கு ஆவணங்களில் பெயரே இருக்காது. நில ஆவணங்கள் எல்லாம் வருவாய்க் கிராமத்தின் (வருவாய்த் துறை நிலக் கணக்கு வைக்கும் அலகு) பெயரில்தான் இருக்கும். இன்றைய அண்ணா நகரைத் தேடுபவர் நடுவக்கரை, முல்லம் போன்ற பழைய கிராமப் பெயர்களில் தேட வேண்டும். வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் ஒன்றல்ல. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். கிராமத்தின் பெயர், எண், அது எந்தெந்தக் காலத்தில் எந்த வட்டத்தில் இருந்தது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டம் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய பதிவேடு பழைய வட்டாட்சியர் அலுவலகத்திலேயே தங்கியிருக்கக்கூடும்.

ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஓர் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரி நீர் பாயும் நூறு நூற்றைம்பது ஏக்கர் நிலம் போதும். ஏரியும் அதன்கீழ் உள்ள நஞ்சையும் சேர்ந்து மாறும் என்பதால் காரணங்களும் அதற்குள்ளேயே அகப்படும்.

சர்வே எண்ணைத் தொடர்வது

சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கிராம வரைபடத்தின் நகல் வாங்கலாம். பழைய வரைபடங்கள் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. அதாவது 1:3960. புதியவை 1:5000. இரண்டையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்தாது; அளவைச் சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது ‘அ’ பதிவேடு. சர்வே எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, பரப்பு, தீர்வை (நிலவரி), பட்டா எண் எல்லாம் இதில் இருக்கும். பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஆகியவற்றின் இன்றைய நிலையை அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். பழைய நிலை வேண்டுமென்றால் வட்ட அலுவலகத்தில் நகல் மனு போட வேண்டும். அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் (நிலத் தீர்வை நிர்ணய) பதிவேடுகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். சர்வே எண் இரண்டு இடங்களில் அறுந்துபோகும். முதலாவது, 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். உட்பிரிவுகளும் பட்டா எண்களும் அப்போது பெருமளவு மாறின. பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் அப்போதே ஏராளமாக நுழைந்தன. இரண்டாவது, கிராமம் நகரமான பிறகு நடக்கும் நகர அளவை. பழைய சர்வே எண் போய், வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வேறு அமைப்பு வந்துவிடும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்காமல் மேலே போகாதீர்கள். அது கிடைக்காவிட்டால் கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தைப் பாருங்கள். ‘பழைய சர்வே எண் இன்னது, தற்போதைய நகர சர்வே எண் இன்னது’ என்று இரண்டையும் எழுதுவது பத்திர எழுத்தர்களின் வழக்கம். பல இடங்களில் கைகொடுப்பது அதுதான்.

உட்பிரிவு எண்ணின் நீளமே ஒரு தகவல். 114/2 என்று இருந்த வயல் 114/2ஏ, 114/2பி என்று பிரிந்தால் அண்ணன் தம்பி பாகம் பிரித்திருக்கலாம். அதுவே ஐந்தாறு ஆண்டுக்குள் 114/2பி1, 114/2பி2 என்று தொடங்கி 114/2பி37 வரை போயிருந்தால் அது மனைப் பிரிவு. ஏக்கர் என்பது 100 சென்ட், 43,560 சதுர அடி. கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக ஒரு ஏக்கருக்குக் கணக்குப்படி 18 கிரவுண்டு வரும்; சாலைக்கு விட்டதுபோக 12, 13 தேறினால் பெரிது. பழைய பத்திரங்களில் ‘காணி’ என்று வந்தால், சென்னை வட்டாரத்தில் அது 24 மனை (கிரவுண்டு), அதாவது சுமார் 1.32 ஏக்கர்.

உழவு நின்ற ஆண்டைக் கண்டுபிடிக்க அடங்கல்

ஒவ்வொரு பசலியிலும், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டிலும், எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்த நீர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அடங்கல். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1400-ஆம் பசலி என்பது 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. இதை மறந்தால் எல்லாத் தேதியும் ஓராண்டு தள்ளிப்போகும்.

‘நெல்’ என்று வந்த இடத்தில் ‘தரிசு’ என்று வந்தவுடன் விவசாயம் போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது. ஒரே பசலியில் ஆயக்கட்டு முழுவதும் தரிசு என்றால் மழை பொய்த்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் நெல் நிற்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எண்கள் மட்டும் தொடர்ந்து நான்கைந்து பசலிகள் தரிசாகக் கிடந்தால் அவை விலை பேசப்பட்டவை. நடுவில் ஓரிடம் தரிசானால் வாய்க்காலைப் பராமரிப்பவர் இல்லாமல் போகும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வராது. விற்க மனமில்லாதவரும் விற்பார். இந்தத் தொடர் விளைவைக் காண, தரிசு எண்களைப் பசலிவாரியாகக் கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பாருங்கள். முந்தைய ஆண்டுக் கணக்கை அப்படியே நகலெடுத்த அடங்கலும் உண்டு. பரப்பு, பயிர், நீர் மூன்றும் பல பசலிகளாக எழுத்து மாறாமல் இருந்தால் அதை நம்பாதீர்கள்.

கைமாறிய காலம்: வில்லங்கச் சான்று

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தை, அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத்தான் பெற வேண்டும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள். சார்பதிவகம் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேடுங்கள்.

ஆண்டுவாரியாக எத்தனை பத்திரம், என்ன வகை என்று எண்ணினாலே படம் தெளியும். பாகப்பிரிவினை, கூட்டுறவுச் சங்க அடமானம் என்று வந்தவரை விவசாயக் காலம். பல பட்டாதாரர்களிடமிருந்து ஒரே பெயருக்குக் கிரயம் வரிசையாக வந்தால் நிலம் திரட்டப்படுகிறது. சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த பத்திரம் இருந்தால், அதன் தேதி லேஅவுட் அங்கீகாரத்தை ஒட்டியது. அதன்பின் சிறுசிறு மனைக் கிரயங்கள். பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் (பவர் பத்திரங்கள்) வில்லங்கத்தில் ஏறாது என்பதால், திரட்டிய ஆள் யார் என்பது சில இடங்களில் தெரியாமலே போகும்.

2016, 2017-இல் மனைக் கிரயம் திடீரென்று சரிந்திருப்பதைப் பார்த்து ஊருக்கு மவுசு குறைந்தது என்று முடிவு செய்யாதீர்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வந்தன.

வானத்திலிருந்து எடுத்த படங்கள்

கூகுள் எர்த் கணினிப் பதிப்பில் உள்ள பழைய படங்களில் தெளிவானவை பெரும்பாலும் 2000-க்குப் பிந்தியவை. பல ஊர்களில் அதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1995-இல் பொதுவில் வந்தன. பிற்காலத்தவற்றில் இரண்டு மீட்டர் அளவுப் பொருள்கூடத் தெரியும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில், ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். 1972 முதல் வரும் லேண்ட்சாட் படங்களில் தனி வயல் தெரியாது. ஏரியின் நீர்ப்பரப்பு, கட்டடப் பரவல் இவற்றுக்குப் போதும்.

பழைய படத்தை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தோடு பொருத்தும்போது நகராத பொருள்களைப் பிடியுங்கள்: கோயில் குளத்தின் மூலைகள், ஏரிக்கரையின் வளைவு, கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்), ரயில் பாலம். அகலப்படுத்திய சாலையின் சந்திப்பு உதவாது. எளிய பொருத்தத்துக்கு மூன்று புள்ளி போதும் என்று மென்பொருள் ஒப்புக்கொள்ளும். எட்டுப் பத்தாவது வையுங்கள், படத்தின் நான்கு மூலைக்கும் பரவலாக. கொரோனா படம் ஓரங்களில் நெளிந்திருக்கும் என்பதால் படத்தை வளைத்துப் பொருத்தும் ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ முறை பொருத்தமானது.

எப்போது நகரம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஓர் ஊராட்சி ‘கணக்கெடுப்பு நகரம்’ ஆக மூன்று நிபந்தனைகள்: மக்கள்தொகை 5,000, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் விவசாயமல்லாத வேலையில். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஓர் ஊரில் ஆண் முதன்மைத் தொழிலாளர் 2,400 பேர், அவர்களில் சாகுபடியாளர் 150, விவசாயக் கூலிகள் 330 என்று வைத்துக்கொள்வோம். 480 பேர் என்பது 20 விழுக்காடு. ஆகவே 80 விழுக்காட்டினர் வேறு வேலையில், ஊர் தேறிவிட்டது. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் இந்த எண்கள் கிராமவாரியாக உள்ளன. 1961-ஐயும் 1971-ஐயும் ஒப்பிடும்போது பெண் தொழிலாளர் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனதுபோல் தெரியும். தொழிலாளர் யார் என்ற வரையறை மாறியதன் விளைவு அதில் பெரும்பங்கு.

தமிழ்நாட்டில் 2011-இல் 376 கணக்கெடுப்பு நகரங்கள். இவற்றை ஆண்டது ஊராட்சிதான். மறுபக்கம், 2004-இல் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு 2006-இல் திரும்பவும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டாண்டு ஆவணங்களில் ஊர் ‘பின்னோக்கிப் போனதாக’த் தெரியும். சென்னை மாநகராட்சி 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டரானதும் நிர்வாகத் தேதிதான். நிலம் மாறிய தேதியாக அதை எழுதாதீர்கள்.

ஏரியை நேரில் பாருங்கள்

ஏரி நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை) வசமா ஊராட்சி ஒன்றியத்தின் வசமா என்பது ஆயக்கட்டைப் பொறுத்தது. 100 ஏக்கருக்கு மேலென்றால் பெரும்பாலும் முன்னது. கிராம வரைபடத்தில் மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் மூன்றையும் குறித்து எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மதகிலிருந்து கிளம்பிய வாய்க்கால் இன்று பெரும்பாலும் சாக்கடையாகவோ தெருவாகவோ இருக்கும். ஊரில் மற்ற தெருக்கள் நேர்கோட்டில் போக, ஒன்று மட்டும் வளைந்து போனால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கரைக்குக் கீழே இருந்த நஞ்சையில் போட்ட மனைகள் தாழ்வானவை. கலங்கல் தண்ணீர் போகும் வழியில் வீடு கட்டியிருந்தால் பெருமழையில் அது மூழ்கத்தான் செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் நின்ற தெருக்களைக் கேட்டறிந்து இதே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மனிதர்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் உடைமையாளர் மட்டுமே இருப்பார். வாய்மொழிக் குத்தகைக்காரரும் நாற்று நட்டவர்களும் பெயரோடு எந்த ஏட்டிலும் இல்லை. கணக்கெடுப்பில் வெறும் எண்ணிக்கை. நிலம் விற்றபோது பணம் உடைமையாளருக்குப் போனது. இவர்களுக்கு வேலை போனது. ஏரி நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சிய நீர்கட்டி யாராவது இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். எந்த மடையில் எந்த வயல் பாய்ந்தது என்பது ‘அ’ பதிவேட்டைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் தோராயமாகத்தான் வரும். ‘இந்த வயலில் கடைசியாக அறுத்தது எம்ஜிஆர் இறந்ததற்கு முன்னாலா பின்னாலா?’, ‘சுனாமி வந்தபோது இங்கே என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். 1987, 2004 என்று ஆண்டு தானாகவே கிடைத்துவிடும். சொன்னதை அடங்கலோடு ஒப்பிடுங்கள். எழுதி வெளியிடும்போது சர்வே எண்ணையும் ஆண்டையும் போட்டால் போதும். பட்டாதாரர் பெயர்களை விட்டுவிடுங்கள், அந்த நிலங்களில் பலவற்றுக்கு இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்.